அவருக்குத் தட்டான், எனக்குப் பழைய சுவர்: இருவரும் சேர்ந்து கோடையில் ஒரு நாள் போய்வருவது எப்படி

என் கணவருக்குத் தட்டான் என்றால் உயிர். ஓடையோ குளமோ கண்ணில் பட்டால் போதும், கரையில் குனிந்து நின்றுவிடுவார். எனக்குப் பழைய கட்டடங்களை வரையப் பிடிக்கும். ஒரு வளைவு, பாதி இடிந்த மதில், பாசி பிடித்த பாலம் என்று ஏதாவது எதிரே இருந்து, மடியில் காகிதமும் கையில் தூரிகையும் இருந்தால் அந்த நாள் எனக்கு நிறைந்துவிடும். அவருக்கு நடந்துகொண்டே இருக்க வேண்டும். எனக்கு ஒரே இடத்தில் உட்கார வேண்டும். கல்யாணமாகி 17 வருடம் ஆகிறது. அதில் முதல் ஆறு கோடைகாலத்தை நாங்கள் வீணடித்துவிட்டோம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

அப்போது முறை வைத்துப் போனோம். இந்த வாரம் அவருடைய இடம், அடுத்த வாரம் என்னுடைய இடம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அவர் குளத்தோரம் நிற்கும்போது நான் மணி பார்த்துக்கொண்டிருப்பேன். நான் வரைந்துகொண்டிருக்கும்போது அவர் மூன்றாவது முறையாக வந்து, "முடிஞ்சுதாம்மா?" என்பார். கேட்பதில் கோபம் எதுவும் இருக்காது. ஆனாலும் என் கை அவசரப்படும், கோடு கோணலாகும். யாருடைய முறையோ அவரும் நிம்மதியாக இல்லை, கூட வந்தவரும் நிம்மதியாக இல்லை. அதனால் முறை வைப்பதை யார் யோசனையாகச் சொன்னாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஒரு நாள் முழுக்க ஒருவர் இன்னொருவருக்குத் துணையாள் மட்டுமே என்றால், அந்தத் துணைக்கு ஒரு அலுப்பு வந்தே தீரும்.

இப்போது ஒரே நாளில் இரண்டு பேரும் அவரவர் விருப்பத்தை முழுசாகச் செய்துவிட்டு வருகிறோம். எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன்.

ஊர் பெயரைப் பேசுவதற்கு முன்

"எங்கே போகலாம்?" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தக் கேள்வியில்தான் சண்டை ஒளிந்திருக்கிறது. ஆளுக்கொரு காகிதம் எடுத்துக்கொண்டு தனித்தனியாக உட்கார்ந்து நான்கு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். எனக்குப் பிடித்தது எந்த நேரத்தில் மிக நன்றாக இருக்கும்? அதற்கு உட்கார வேண்டுமா, நடக்க வேண்டுமா? பக்கத்தில் ஆள் இருந்தால், பேச்சு இருந்தால் கெடுமா? எவ்வளவு நேரம் கிடைத்தால் மனசு நிறையும்?

நான் எழுதியது இது. காலையில், சூரியன் தாழ்வாக இருக்கும்போது. சாய்ந்து விழும் வெளிச்சத்தில்தான் கல்லின் மேடுபள்ளம் தெரியும். தேய்ந்துபோன செதுக்கு வேலைகூட அந்த நேரத்தில் விளிம்பு விளிம்பாக நிழல் கட்டி எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் அதே சுவர் வெளுத்துத் தட்டையாகிவிடும். உட்கார வேண்டும். யாராவது பின்னால் நின்று எட்டிப் பார்த்தால் கை ஓடாது. ஒன்றரை மணி நேரம் போதும்.

அவர் எழுதியது: ஒன்பதரைக்கு மேல் பன்னிரண்டுக்குள். தட்டான் சீக்கிரம் எழுந்திருக்கும் பிராணி இல்லை. அதன் இறக்கைத் தசை சூடானால்தான் பறக்க முடியும். காலையில் வெயிலில் உட்கார்ந்து உடம்பைக் காய்ச்சிக்கொண்ட பிறகே கிளம்பும். மேகம் மூடினால் திரும்பப் போய் உட்கார்ந்துவிடும். நடக்க வேண்டும், ஆனால் மெல்ல. கூட ஆள் வந்தால் சந்தோஷம், கையை மட்டும் வீசக் கூடாது. இரண்டு மணி நேரம்.

இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஆறு வருடம் முட்டிக்கொண்டோமே, எங்கள் இரண்டு விருப்பத்துக்கும் நடுவில் ஒரு மோதலும் இல்லை. எனக்கு வேண்டிய வெளிச்சம் மங்கிப் போகும்போதுதான் அவருக்கு வேண்டிய வெயில் தொடங்குகிறது.

உங்கள் விருப்பங்கள் வேறாக இருக்கும். ஆனால் கோடைநாளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்த நேரம் இருக்கிறது. பறவை பார்ப்பவருக்கு விடிந்த முதல் இரண்டு மணி நேரம். சைக்கிள் ஓட்டுபவருக்கும் அதேதான். அருங்காட்சியகம் பிடித்தவருக்கு நண்பகலே பொன்னான நேரம், வெளியே எரியும்போது உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். நீந்துபவர் மூன்றரைக்கு மேல் இறங்கினால் தோல் பிழைக்கும். நட்சத்திரம் பார்ப்பவர் அமாவாசையை ஒட்டிய நாளாகத் தேர்ந்துகொண்டு, பொழுது நன்றாக இருட்டும்வரை காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் இப்படித் தானாகவே பிரிந்துவிடும்.

இருவருக்கும் ஒரே அதிகாலைதான் வேண்டும் என்று வந்தால்? அப்போது அந்த இரண்டு மணி நேரம் தனித்தனியாகப் போங்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. சேர்ந்து போவது என்றால் நிமிடத்துக்கு நிமிடம் ஒட்டிக்கொண்டு நிற்பது என்று யாரும் விதி போடவில்லை.

இடம் தேடுவது

வரைபடத்தில் இரண்டு நிறத்தில் குறி வையுங்கள். அவருக்கு நீலம், எனக்குச் சிவப்பு என்று நாங்கள் வைத்திருக்கிறோம். அழகான நீலத்தையும் அழகான சிவப்பையும் தேடாமல், ஒரு நீலமும் ஒரு சிவப்பும் 15 நிமிட நடையில் இருக்கும் இடத்தைத் தேட வேண்டும். இரண்டும் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, பக்கத்தில் இருப்பதுதான் முக்கியம். ஒரு இடத்திலிருந்து இன்னொன்றுக்குக் கார் எடுக்க வேண்டும் என்றால், எடுத்து வைப்பது, நிறுத்த இடம் தேடுவது, மறுபடி எல்லாம் இறக்குவது என்று முக்கால் மணி நேரம் கரைந்துவிடும்.

பழைய கட்டடமும் தண்ணீரும் பெரும்பாலும் பக்கத்தில்தான் இருக்கும், தெரியுமா? கோட்டைக்கு அகழி வேண்டும். பழைய மாவு ஆலைக்குச் சக்கரம் சுற்ற ஓடை வேண்டும். பாலத்தடியில் ஆறு. ஜனம் வாழ்ந்த இடம் எதுவானாலும் குளமோ கிணறோ இருந்தே ஆக வேண்டும். தட்டானின் குஞ்சுப் பருவம் முழுக்கத் தண்ணீருக்குள் கழிகிறது. அதனால் நான் தேடும் இடத்துக்கு அவருடைய தட்டானும் வந்து நிற்கும். உங்கள் இரண்டு விருப்பத்துக்கும் இப்படி ஏதாவது பொதுவான காரணம் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். மலையேறுபவரும் மூலிகை தேடுபவரும் ஒரே சரிவில் சந்திப்பார்கள். ரயில் பார்ப்பவரும் ஊர்ச் சந்தையில் சுற்றுபவரும் ஒரே நிலையத்தில் இறங்குவார்கள்.

மூன்றாவதாக, பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை உட்காரக் கூரையோ அடர்ந்த மரமோ அங்கே இருக்க வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் மேலிருந்து பார்த்தால் மரநிழல் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அது இல்லாத இடத்தை, எவ்வளவு ஆசையாக இருந்தாலும், மழை முடிந்த பருவத்துக்குத் தள்ளிவையுங்கள். நாங்கள் அப்படித் தள்ளிவைத்த பட்டியலே ஒரு பக்கம் இருக்கிறது.

போகிற வழி ஒன்றரை மணி நேரத்துக்குள் இருக்கட்டும். வாரத்தில் என்றைக்கு மூடியிருக்கும், கழிப்பறை உண்டா என்பதை முந்தின நாளே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

நிழலைப் பார்த்து நாளைப் பிரிப்பது

கடிகாரத்தைவிட எனக்கு என் நிழல் உதவியாக இருக்கிறது. சமதளத்தில் நிமிர்ந்து நின்று நிழலைப் பாருங்கள். அது உங்களைவிட நீளமாக இருந்தால் சூரியன் இன்னும் 45 டிகிரிக்குக் கீழே இருக்கிறது. உங்கள் உயரத்தைவிடக் குட்டையாகிவிட்டால் புற ஊதாக் கதிரின் பலம் ஏறிவிட்டது, இனி திறந்த வெளியில் சும்மா இருக்கக் கூடாது என்று பொருள். எந்த ஊரில் நின்றாலும் இந்தக் கணக்கு மாறாது.

நிழல் என்னைவிட நீளமாக இருக்கும்வரை என்னுடைய நேரம். விடிவதற்கு முன்பே கிளம்பி, வெளிச்சம் சுவரில் விழும்போது நான் உட்கார்ந்துவிட வேண்டும். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. அதனால் வரைய உட்கார்ந்த முதல் பத்து நிமிடத்தில் நிழலின் எல்லையை மட்டும் பென்சிலால் போட்டுவிடுவேன். கட்டடம் எங்கேயும் போய்விடாது, நிழல்தான் போய்விடும். நடுவில் பார்த்துப் பார்த்து நிழலைத் திருத்தினால் ஒரே படத்தில் இரண்டு சூரியன் வந்துவிடும்.

வாட்டர் கலர் போடுபவர்களுக்குக் கோடையில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. ஒரு பூச்சு பூசி அடுத்ததைக் கலப்பதற்குள் முதல் பூச்சு காய்ந்து ஓரம் கட்டிவிடும். தண்ணீரில் இரண்டு மூன்று சொட்டு கிளிசரின் விட்டால் ஈரம் கொஞ்சம் நின்று பிடிக்கும். காகிதத்தின் மேல் நேர் வெயில் விழாமல் என் நிழலுக்குள் வைத்துக்கொள்வேன். வெள்ளைக் காகிதம் வெயிலில் கண்ணைக் கூசவைத்து, நிறத்தை எல்லாம் தேவைக்கு மேல் அழுத்திப் போடச் செய்துவிடும். வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும்.

இந்த நேரத்தில் அவர் சும்மா இல்லை. கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நிழல் குட்டையாகத் தொடங்கும்போது நான் மூட்டை கட்டுவேன். அப்போது தொப்பி, முழுக்கை சட்டை. சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். வெளியே இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூச வேண்டும். வியர்வையில் அது போய்விடும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கரையில் வெளிர் மணல் இருந்தால் அதுவும் கதிரைத் திருப்பி முகத்தில் அடிக்கும், குடையோ தொப்பியோ அதைத் தடுக்காது.

இப்போது அவருடைய நேரம். தட்டான் பார்க்கப் போகிறவருக்கு அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்ட சில விஷயங்களைச் சொல்கிறேன். ஓடுகிற தண்ணீரைவிடத் தேங்கிய, கரையில் கோரை நிற்கிற தண்ணீரில் நிறைய கிடைக்கும். பல வகைத் தட்டான்கள் ஒரு குச்சி நுனியைப் பிடித்துக்கொண்டால், பறந்து போய் இரை பிடித்துவிட்டு அதே நுனிக்குத்தான் திரும்பிவரும். துரத்தாமல் அந்தக் குச்சிக்குப் பக்கத்தில் நின்றால் போதும், அது தானாகவே வந்து உட்காரும். நெருங்கும்போது உங்கள் நிழல் அதன் மேல் விழக் கூடாது. பைனாகுலர் வாங்குவதானால் 2 மீட்டர் தூரத்தில் இருப்பதையும் தெளிவாகக் காட்டுகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். தூரத்துப் பறவைக்கு அருமையாக இருக்கும் சில கருவிகள் காலடியில் இருக்கும் பூச்சிக்கு மங்கிவிடும். அவர் வைத்திருப்பது 8 மடங்கு பெரிதாக்கும், முன்பக்கக் கண்ணாடி 42 மில்லிமீட்டர்.

பன்னிரண்டு அடித்தால் இரண்டு பேரும் நிழலுக்கு வந்துவிட வேண்டும். இதில் மட்டும் நான் கறாராக இருப்பேன். "ஏங்க, அது நாளைக்கும் பறக்கும், வாங்க" என்று கூப்பிட்டுவிடுவேன்.

நண்பகலும் உடம்பும்

நண்பகலில் சூரியன் உச்சியில் இருந்தாலும், சூடு உச்சத்துக்குப் போவது அதற்குப் பிறகு, பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு மணிக்குள். காலையிலிருந்து குடித்த வெயிலைத் தரை அப்போதும் கக்கிக்கொண்டிருக்கும். "மணி ரெண்டாச்சு, வெயில் சாய்ஞ்சிடுச்சு" என்று கிளம்பி நடந்தால் அந்தச் சூட்டில்தான் மாட்டுவோம்.

வெயிலில் நடக்கும்போது 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர், தாகம் எடுக்கக் காத்திருக்காமல். ஆளுக்குத் தனித்தனி பாட்டில் வையுங்கள். ஒரே பாட்டிலைப் பகிர்ந்தால் மற்றவருக்கு மிச்சம் வைக்க வேண்டுமே என்று இருவருமே குறைவாகக் குடிப்போம். முதல் நாள் இரவு ஒரு பாட்டிலை முக்கால் அளவுக்கு நிரப்பி உறையவையுங்கள். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும், முழுசாக நிரப்பினால் பாட்டில் பிளந்துவிடும். அந்த ஐஸ் பாட்டிலைச் சாப்பாட்டுப் பையில் வைத்தால் சாப்பாடும் கெடாது, மதியத்துக்குச் சில்லென்று தண்ணீரும் கிடைக்கும். 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெயில் அடித்தால், சமைத்த உணவை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைத்திருக்கக் கூடாது.

கூட வந்தவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். தன் விருப்பத்தில் மூழ்கியவருக்குத் தன் உடம்பு தெரியாது, அதைப் பார்க்கத்தான் நாம் பக்கத்தில் இருக்கிறோம். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், அளவுக்கு மீறிய வியர்வை என்றால் உடனே நிழலில் படுக்கவைத்துக் காலைக் கொஞ்சம் உயர்த்தி, சட்டையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். அரை மணி நேரத்தில் தேறவில்லை என்றால் மருத்துவ உதவி தேவை. பேச்சு குழறினாலோ, எங்கே இருக்கிறோம் என்று தடுமாறினாலோ, மயங்கினாலோ காத்திருக்கவே வேண்டாம், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அது உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டியதன் அறிகுறியாக இருக்கலாம். வண்டி வரும்வரை உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

வெளியே 35 டிகிரி என்றால், மூடிய காருக்குள் அரை மணி நேரத்தில் 50-ஐத் தாண்டிவிடும். ஓய்வெடுக்கிறேன் என்று அதற்குள் யாரும் உட்கார வேண்டாம். கேமரா பேட்டரி, சன்ஸ்கிரீன், மருந்து எதையும் அதில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இந்த மூன்று மணி நேரத்துக்கு எங்களிடம் ஒரு ஒப்பந்தம் உண்டு. நோட்டும் பைனாகுலரும் பைக்குள் போய்விடும். சாப்பிடுவோம், பேசுவோம், ஒருவர் மடியில் ஒருவர் தலைவைத்துத் தூங்குவோம். வாரம் முழுக்க வேலை, வீடு, பில் என்றே பேசிக்கொண்டிருக்கும் நாங்கள் மற்றதைப் பேசுவது இந்த நேரத்தில்தான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் வேலையை மாற்றலாம் என்று அவர் முடிவெடுத்ததும் இப்படி ஒரு மர நிழலில்தான்.

பிரிந்து போனால் சேர்வது எப்படி

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு தடவை அவர் ஓடையை ஒட்டி மேலே போய்விட்டார். நான் மதில் பக்கம் உட்கார்ந்திருந்தேன். "போன் பண்ணிக்கலாம்" என்பதுதான் எங்கள் ஏற்பாடு. என் போன் மடியில் வெயில் பட்டபடி கிடந்து, சூடாகி, தானாகவே அணைந்துவிட்டது. பெரும்பாலான போன்களை 35 டிகிரி வரையிலான சூட்டில் பயன்படுத்துவதற்காகத்தான் தயாரிக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவர் நாற்பது நிமிடம் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அந்த உச்சி வெயிலில் ஓடி வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்ற அந்த முகம் எனக்கு மறக்காது. ஒரு வார்த்தை திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து, பிரிவதற்கு முன் மூன்று விஷயம் வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறோம். எந்த இடத்தில் சேர்வது, இரண்டு பேரும் அந்த இடத்தைக் கண்ணால் பார்த்த பிறகு. எத்தனை மணிக்கு. எத்தனை நிமிடம் தாமதமானால் தேடிப் போவது. எங்களுக்கு அது 15 நிமிடம். போன் இருவருக்கும் பைக்குள், நிழலில், துணி சுற்றி. கையில் சாதாரணக் கடிகாரம்.

மற்றவர் வேலையில் ஒரு சின்னப் பங்கு

எனக்குத் தட்டானில் ஆசை வந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. அவருக்கும் ஓவியம் வராது. அப்படி வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் மற்றவருடைய நேரத்தில் நமக்கென்று ஒரு சின்ன வேலை இருந்தால் பொழுதே வேறு மாதிரி போகிறது.

காலையில் கட்டடத்தைச் சுற்றிவருகிறார் என்றேனே, அதுதான் அவர் வேலை. எந்தப் பக்கம் வெளிச்சம் விழுகிறது, எங்கே உட்கார நிழல் இருக்கிறது, எங்கே எறும்புப் புற்று இல்லை என்று பார்த்து மூன்று இடம் சொல்வார். நான் அதில் ஒன்றைத் தேர்வு செய்வேன். முன்பெல்லாம் நான் அலைந்து அலைந்தே நல்ல வெளிச்சத்தைத் தவறவிடுவேன். இப்போது அவர் கால் எனக்காக நடக்கிறது. அவர் நேரத்தில் என் வேலை நோட்டு எழுதுவது. அவர் பைனாகுலரை இறக்காமல் சொல்லச் சொல்ல நான் நேரம், நிறம், எந்தச் செடி, ஆணா பெண்ணா என்று எழுதிக்கொள்வேன். பார்வையை எடுத்துக் குனிந்து எழுதுவதற்குள் தட்டான் போய்விடும் என்பது அவருடைய நெடுநாள் குறை. அது தீர்ந்தது.

வேலை சின்னதாக இருக்கட்டும். அரை மணி நேரம் செய்தால் போதும், மீதி நேரம் கையில் புத்தகத்தோடு மரத்தடியில் இருக்கலாம். "நீயும் கத்துக்கோ" என்று பாடம் எடுக்க ஆரம்பித்தால் எல்லாம் கெட்டுவிடும்.

போன கோடையில் ஒரு நாள், பன்னிரண்டு ஆகப் போகிறது, நான் கூப்பிடப் போனேன். அவர் பேசாமல் விரலை மட்டும் காட்டினார். கோரைத் தண்டின் நுனியில் ஒரு சிவப்புத் தட்டான். வாலை நேர் மேலே தூக்கிக்கொண்டு, கிட்டத்தட்டத் தலைகீழாக நிற்கிற மாதிரி நின்றது. அடிபட்டுவிட்டதோ என்று நினைத்தேன். "சூடு தாங்கலைன்னா அப்படித்தான் நிக்கும். வால் நுனியை சூரியனுக்கு நேரா வெச்சுக்கும். அப்பத்தான் உடம்புல வெயில் படற இடம் குறையும்" என்றார். நான் அதன் நிழலைப் பார்த்தேன். கீழே இருந்த கல்லில், இறக்கையின் மெல்லிய கோடுகளுக்கு நடுவே, உடம்புக்கு நிழலே இல்லை, ஒரு புள்ளி மட்டும் இருந்தது. இத்தனை வருடம் நிழலை வரைந்துகொண்டிருக்கிறேன். தன் நிழலைத் தானே சுருக்கிக்கொள்ளும் ஒரு உயிரை அன்றுதான் பார்த்தேன். அங்கேயே, அந்த வெயிலிலேயே, ஐந்து நிமிடம் நின்று அதை வரைந்தேன். அவர் தன் தொப்பியைக் கழற்றி என் காகிதத்துக்கு நிழல் பிடித்தார்.

திரும்பும் வழி

கிளம்பும் நேரத்தை வீட்டிலிருந்து புறப்படும்போதே முடிவு செய்துவிடுங்கள். அங்கே போய் முடிவு செய்தால் யாராவது ஒருவர் மனசில்லாமல் எழுந்து வர வேண்டியிருக்கும். வெயில் தாழ்ந்த பிறகு இருவருக்கும் ஆளுக்கு அரை மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். எனக்குச் சாய்ந்த வெளிச்சம் மறுபடி வரும், சுவரின் மறுபக்கம் இப்போது எழுந்து நிற்கும். அவர் கரையில் மெல்ல ஒரு நடை போவார்.

மதியம் நன்றாகத் தூங்கியவர்தான் வண்டி ஓட்ட வேண்டும். இது யார் எப்போதும் ஓட்டுவார் என்ற பழக்கத்தைப் பொறுத்தது இல்லை. வெயிலில் காய்ந்த உடம்புக்குக் கண் தானாகச் செருகும். வழி நீண்டால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்திக் கால் மணி நேரமாவது இறங்கி நில்லுங்கள். கண் செருகுகிறது என்றால் அந்த இரண்டு மணி நேரத்துக்கும் காத்திருக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் குளிப்பதற்கு முன்பே, அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆளுக்கு ஒரு வரி எழுதுகிறோம்: அடுத்த தடவை எது வேண்டும், எது வேண்டாம். போன முறை அவர் எழுதியது, "மடக்கு நாற்காலி இன்னொன்று வாங்கணும், அவளுக்கு முதுகு வலிக்கிறது." நான் எழுதியது, "பத்து நிமிடம் முன்னாடியே எழுந்துவிடலாம், மேகம் வருவதற்குள் அவர் குளத்துக்குப் போய்விடலாம்." நாற்காலி வாங்கியாகிவிட்டது. வரைபடத்தில் நீலமும் சிவப்பும் தொட்டுக்கொண்டு நிற்கும் இன்னொரு இடத்தையும் பார்த்து வைத்திருக்கிறோம், வருகிற ஞாயிறு விடியற்காலை நாலரைக்குக் கிளம்புகிறோம்.